நாற்பத்தொன்றாம் எண் கர்ப்பிணி

பேராசிரியர் ஆத்மநாதன் தம்முடைய ஆய்வுக்காக முதலில் செய்த காரியம் ஸ்டூடியோவுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டதுதான். கேள்விகளை அப்புறம் தயாரித்துக்கொள்ளலாம், அவை எங்கே ஓடிவிடப் போகின்றன? கோட்டு போட்டு, கன்னத்தில் ஒரு விரலை ஊன்றி, எதையோ கண்டுபிடித்துவிட்டு அது என்ன என்பதை மறந்துபோனவர் மாதிரி ஒரு படம். புதுக்கோட்டை மாவட்டத்துக் கர்ப்பிணிகள் தங்கள் செல்போனுக்கு வரும் லிங்க்கைத் தொட்டால் முதலில் அந்தப் படம்தான் விரியும். மசக்கை அதிகமானவர்கள் அத்தோடு போனைக் கவிழ்த்து வைத்துவிடுவார்கள். தைரியமாகத் தாண்டிப் போனவர்களுக்குக் கீழே ஒரு வாசகம் இருந்தது: "சகோதரியே! உங்கள் பெயர் யாருக்கும் தெரியாது. அஞ்சாமல் உண்மையை எழுதுங்கள்." இதையும் அவரே இயற்றினார். இயற்றிய பிறகு ஒரு வாரம் அதைக் கல்லூரியில் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிக்காட்டினார்.

அவர் ஒரு தனியார் கல்லூரியில் சமூகப்பணித் துறைத் தலைவர். சென்னையில் ஓர் அறக்கட்டளை, கர்ப்பிணிகளின் உடல்நிலையைத் தொலைபேசியில் கேட்டால் உண்மை வருமா, இணையத்தில் கேட்டால் வருமா என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டது. இவரிடம் அந்த வேலையைக் கொடுத்தது. மாதம் ஒருமுறை போன், மாதம் ஒருமுறை லிங்க். இரண்டிலும் அதே கேள்விகள்: நன்றாகச் சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா, கால் வீங்குகிறதா, தலை வலிக்கிறதா, மனதில் உள்ளதைச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறதா. இரண்டு பதில்களும் ஒத்துப்போனால் இனிப் போன் செலவு வேண்டாம், லிங்க்கே போதும் என்று ஆகிவிடும். திட்டம் எல்லா மாவட்டங்களுக்கும் போகும். எல்லா மாவட்டங்களுக்கும் போகும் திட்டத்துக்கு ஒரு தலைவர் வேண்டுமல்லவா. அந்தப் பதவிக்கு இன்னும் பெயர் வைக்கப்படவில்லை. ஆனால் அவர் விசிட்டிங் கார்டு அடிக்கக் கொடுத்துவிட்டார்.

பதில்கள் ஒத்துப்போயின. வியக்கத்தக்க விதத்தில் ஒத்துப்போயின. அதன் ரகசியம் மிக எளிது. சுகாதார நிலையத்துப் பதிவில் கர்ப்பிணியின் செல்போன் எண் என்று இருந்தது பெரும்பாலும் புருஷன்காரனின் எண். அவன் தம்மாமிலோ குவைத்திலோ இருப்பான். லிங்க் அவனுக்குப் போகும். ஷிஃப்ட் முடிந்து வந்து, அடுக்குக் கட்டிலின் மேல்தட்டில் படுத்தபடி அவன் பதில் எழுதுவான். கால் வீங்குகிறதா என்று கேட்டால் தன் காலைப் பார்த்துக்கொண்டு 'இல்லை' என்று தொடுவான். வீட்டு போனுக்குக் கூப்பிட்டால் மாமியார் எடுப்பாள். "அவளுக்கென்ன, ராணி மாதிரி இருக்கா" என்பாள். ஆக அங்கிட்டும் நல்லாருக்கு, இங்கிட்டும் நல்லாருக்கு. கர்ப்பிணிகளைத் தவிர மற்ற எல்லோரும் கலந்துகொண்ட அந்த ஆய்வு செழித்து வளர்ந்தது.

கெடுத்தது ஒரே ஒரு கர்ப்பிணி. நாற்பத்தொன்றாம் எண். அவள் போனில் ஒன்று சொன்னாள், லிங்க்கில் வேறு எழுதினாள்.

அந்த நாற்பத்தொன்று அவருடைய மருமகள் வைஷ்ணவி. இது வைஷ்ணவிக்குத் தெரியும். அவருக்குத் தெரியாது.

தெரியாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. வைஷ்ணவியின் ஊர் கறம்பக்குடிக்குப் பக்கம். உண்டான மூன்றாம் மாதம் ஆத்தா வீட்டுக்குப் போயிருந்தபோது, அங்கே இருந்த நர்ஸ் அவளைத் தன் கணக்கில் பதிந்துகொண்டாள். அப்படியே ஆய்வுக்கும் ஆள் குறைகிறது என்று இந்தப் பட்டியலிலும் சேர்த்துவிட்டாள். எண் கேட்டபோது வைஷ்ணவி தன்னுடைய எண்ணையே சொல்லிவிட்டாள். புருஷன் ரகுநாத் சிங்கப்பூரில் இருக்கிறான், அவன் எண்ணைக் கொடுக்க வேண்டும் என்கிற நடைமுறை அவளுக்குத் தெரியவில்லை. எம்.எஸ்.சி. கணிதம் படித்த பெண். உலக ஞானம் கொஞ்சம் குறைவு. ஒருநாள் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது லிங்க் வந்தது. தொட்டாள். மாமனார் கன்னத்தில் விரலை ஊன்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். அஞ்சாமல் உண்மையை எழுதச் சொன்னார்.

புதுக்கோட்டை டவுனில், திருக்கோகர்ணத்து வீட்டில் மாமனார் அவளிடம் இவ்வளவு பேசியதில்லை. காபி, பேப்பர், மூக்குக்கண்ணாடி என்று ஒரு சொல் இரண்டு சொல்லோடு நின்றுவிடுவார். சகோதரியே என்று கூப்பிட்டு உன் கால் வீங்குகிறதா என்று அவர் கேட்டது அதுதான் முதல்முறை. அவள் எழுதினாள்.

எழுத வேண்டிய அவசியமும் இருந்தது. தலைப்பிரசவம் ஆத்தா வீட்டில்தான். ஏழாம் மாதம் வளைகாப்பு நடத்தி, பெண் வீட்டார் கட்டுச்சோறு கொண்டுவந்து, பெண்ணை அழைத்துக்கொண்டு போவார்கள். வைஷ்ணவியின் அப்பா அழகுமலை வளையல்கூட வாங்கி வைத்துவிட்டார். ஏழாம் மாதம் நல்ல நாள் வந்தபோது பேராசிரியருக்குச் சென்னையில் கூட்டம். எட்டாம் மாதம் ஆகாது. ஒன்பதாம் மாதத்தில் ஒரே ஒரு முகூர்த்தம், ஒரு வெள்ளிக்கிழமை. அதே வெள்ளிக்கிழமைக்குப் பேராசிரியர் கருத்தரங்கம் வைத்தார். சென்னை அறக்கட்டளையிலிருந்து வரும் டாக்டர் கார்முகில் கொடுத்த தேதி அது. மத்தியானச் சாப்பாடு அவருக்கும் மற்ற பெரிய மனிதர்களுக்கும் பேராசிரியர் வீட்டில். அந்த வெள்ளிக்கிழமை போனால் அப்புறம் அமாவாசை, அப்புறம் பிள்ளையே வந்துவிடும்.

அழகுமலை வந்து கேட்டபோது பேராசிரியர் உட்காரச் சொல்லி, டவுனில் பிரசவம் பார்ப்பதுதான் அறிவியல் என்று விளக்கினார். தமக்கு நாள் நட்சத்திரத்தில் நம்பிக்கை இல்லை என்றும் சொன்னார். கருத்தரங்கத்தின் குத்துவிளக்கை மட்டும் ராகு காலத்துக்கு முன்பாக, பத்தரைக்குள் ஏற்றிவிட வேண்டும் என்று முதல்வரிடம் சொல்லியிருந்தார். வைஷ்ணவி கல்யாணமாகி வந்த மாதமே அவர் மனைவி சொர்ணவல்லி சமையல்காரம்மாளை நிறுத்திவிட்டார் என்பதும், சொர்ணவல்லிக்கு முழங்கால் வலி என்பதும் அறிவியலில் சேராததால் அவற்றை அவர் குறிப்பிடவில்லை. ரகுநாத்திடம் சொன்னால், அப்பா சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று சிங்கப்பூரிலிருந்தபடியே ஒத்துக்கொண்டான். அதோடு வைஷ்ணவி யாரிடமும் கேட்பதை நிறுத்திவிட்டாள். லிங்க்கில் மட்டும் எழுதினாள். ஆத்தாவிடம் போக வேண்டும். அது ஒன்றுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

பேராசிரியரின் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டின்போது டிவி தொடர் ஓடுவது வழக்கம். நாற்பத்தொன்று எழுத ஆரம்பித்த பிறகு டிவியை நிறுத்திவிட்டார்கள். பேராசிரியர் தோசையை ஒரு கையால் பிய்த்துக்கொண்டே மற்றக் கையில் போனை வைத்துக்கொண்டு படிப்பார். புதியது வராத நாட்களில் பழையதையே மறுபடி படிப்பார். பெயர் யாருக்கும் தெரியாது என்றுதானே வாக்குக் கொடுத்தோம், எழுதியதைப் படிக்க மாட்டோம் என்று எங்கே கொடுத்தோம் என்பது அவர் கட்சி.

"கேளு சொர்ணம். 'காலையில் எழுந்ததும் வாந்தி. அதன் பிறகு மாமனாரைப் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் காபி. மாமியாருக்கு முழங்கால் வலி, எனக்குக் கால் வீக்கம். இந்த வீட்டில் வலிக்குத்தான் மரியாதை, வீக்கத்துக்கு இல்லை.' எப்படி எழுதியிருக்கா பாத்தியா?"

சொர்ணவல்லி கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "அடிப் பாவி. இவள்லாம் ஒரு மாமியாளாங்க? புள்ளத்தாச்சியப் போட்டு இந்தப் பாடு படுத்துறா. வெளங்குவாளா அவ?" என்றார். பிறகு தட்டைத் தொட்டுப் பார்த்தார். "வைஷ்ணவி, இது ஆறிப்போச்சு தாயி. சூடா ஒண்ணு போட்டு எடுத்தா. சட்னியும் கொண்டா."

வைஷ்ணவி சூடாக ஒன்று கொண்டுவந்து போட்டாள். போட்டுவிட்டுக் கொஞ்சம் நின்றாள்.

"அந்தப் பொண்ண ஆத்தா வீட்டுக்கு அனுப்பச் சொல்லலாம்ல மாமா?"

"அனுப்பணும்தான்" என்றார் பேராசிரியர் பெருந்தன்மையோடு. "ஆனா அதெல்லாம் படிப்பறிவில்லாத குடும்பம். கறம்பக்குடிப் பக்கம் ஆளுக அப்படித்தான். ஒன்னையச் சொல்லலைம்மா."

அடுத்த முறை அவள் இன்னும் கொஞ்சம் இறங்கி எழுதினாள். தன் மாமனார் நன்கு படித்தவர் என்றும், சாப்பிடும்போது பிறர் எழுதியதைச் சத்தம் போட்டுப் படிக்கிற வழக்கம் உள்ளவர் என்றும், வாயில் தோசை இருப்பதால் சில சொற்கள் சரியாக விளங்குவதில்லை என்றும் எழுதினாள். பேராசிரியர் அதையும் தோசையோடு படித்தார். படித்துவிட்டுச் சிரித்தார். புரையேறும்வரை சிரித்தார். "ஒலகத்துல இப்படியும் ஒரு ஆளு இருக்கான் பாரு சொர்ணம்" என்றார். வைஷ்ணவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

சில மனிதர்களைக் கண்ணாடிக்கு முன் நிறுத்தினாலும் பின்னால் நிற்பது யார் என்றுதான் தேடுவார்கள். அதற்குமேல் எழுதிப் பயனில்லை என்று வைஷ்ணவிக்கு அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் ஒன்பதாம் மாதம் பிறந்ததும் வந்த லிங்க்கில், கிண்டல் இல்லாமல் எழுதினாள். பிரசவ வலிக்குத் தனக்குப் பயமில்லை. மயக்கம் தெளிந்து கண் விழிக்கும்போது பக்கத்தில் ஆத்தா இருக்க மாட்டாளே என்பதுதான் பயம். விழித்ததும் முதலில் காதில் விழுவது, காபி போட எப்போது எழுந்திருப்பாய் என்பதாக இருக்கும். இதை நினைத்தால் ராத்திரி தூக்கம் வருவதில்லை.

பேராசிரியர் அன்றைக்குப் பாதியில் நிறுத்திவிட்டார். ரொம்ப நீளமாக எழுதுகிறாள், கற்பனை வளம் ஜாஸ்தி என்றார். சொர்ணவல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த மாமியாள் கையில் கிடைத்தால் நாலு வார்த்தை கேட்காமல் விடமாட்டேன் என்றார். பிறகு வெள்ளிக்கிழமைச் சமையலுக்கு என்னென்ன சாமான் என்று வைஷ்ணவியிடம் கேட்டார். புளியோதரை, எலுமிச்சைச் சாதம், தயிர்ச்சாதம், வத்தல், வடகம். கார்முகில் மேடத்துக்கு வெங்காயம் ஆகுமா ஆகாதா என்பது மட்டும் தெரியாமல் இருந்தது.

இத்தனைக்கும் போனில் நாற்பத்தொன்று மகாராணி.

போன் செய்கிறவள் சந்தனமேரி. கல்லூரியில் மண்வெட்டிகளும் பழைய பேனர்களும் கிடக்கும் அறையில் ஒரு மேசை போட்டு அவளை உட்கார வைத்திருந்தார்கள். பஸ் ஸ்டாண்டில் விராலிமலை வழி திருச்சி வண்டி கிளம்புகிறது என்று சொல்கிற குரலில் அவள் கேள்விகளைப் படிப்பாள். திருக்கோகர்ணத்து வீட்டில் ஒரு சட்டம் உண்டு: மாசமாயிருக்கிறவள் போனைக் காதில் வைக்கக் கூடாது. அந்தச் சூடு இறங்கிப் பிள்ளையின் மண்டையைத் தாக்கும் என்பது சொர்ணவல்லியின் மருத்துவம். ஆகவே போன் சாப்பாட்டு மேசையில் ஸ்பீக்கரில் கிடக்கும். பக்கத்து நாற்காலியில் சொர்ணவல்லி இருப்பார். கூப்பிடுவது ஆஸ்பத்திரிக்காரர்கள் என்று அவர் நினைத்திருந்தார். புருஷனின் ஆய்வு என்பது போனில் படிக்கிற கதை, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நன்றாகச் சாப்பிடுகிறார்களா என்று சந்தனமேரி கேட்டால், "நல்லா சாப்புடுறா, நெய்யூத்திச் சாப்புடுறா" என்று சொர்ணவல்லி சொல்வார். தூக்கம்? "அடிச்சுப் போட்டாப்புல தூங்குறா." அவங்களே சொல்லணும்மா என்று சந்தனமேரி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

"அவளுந்தான் சொல்லுறா. தலைய ஆட்டுறா பாருங்க" என்றார் சொர்ணவல்லி.

சந்தனமேரி தலையாட்டலைப் பதிந்துகொண்டாள். மனதில் உள்ளதைச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறதா என்ற கேள்விக்கும், நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்கேனே என்ற பதில் கிடைத்தது.

நாற்பத்தொன்றை நீக்கிவிடலாம் சார், ஒரே ஓர் ஆள்தானே என்று சந்தனமேரி யோசனை சொன்னாள். பேராசிரியர் மறுத்துவிட்டார். அதற்குள் அவருக்கு ஒரு கோட்பாடு உதித்திருந்தது. கிராமத்துப் பெண் மனிதக் குரலிடம் பொய் சொல்ல அஞ்சுவாள். தனியே ஒரு திரை கிடைத்தால் இல்லாத துயரத்தையெல்லாம் இட்டுக்கட்டுவாள். இதற்குத் 'திரைமுன் மிகைபுலம்பல்' என்று பெயரும் வைத்தார். கண்டுபிடிப்புக்குத் தம் பெயரையே வைப்பதுதான் உலக வழக்கம் என்று முதல்வர் சொன்னபோது, அடக்கத்தின் காரணமாக அதை இரண்டு நாள் யோசித்தார்.

வெள்ளிக்கிழமை வந்தது. குத்துவிளக்கு பத்தரைக்குள் எரிந்தது. பேனரில் கன்னத்தில் விரலோடு பேராசிரியர் பெரியதாகவும், ஒரு கர்ப்பிணியின் நிழல் சிறியதாகவும் இருந்தார்கள். கார்முகில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான அம்மாள். பொன்னாடையை மடியில் மடித்து வைத்துக்கொண்டு, பேசுகிறவரைப் பார்க்காமல் அச்சிட்ட அறிக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். லிங்க்கை நிரப்புவது யார் என்று பார்த்தீர்களா என நடுவில் ஒருமுறை கேட்டார். அவங்களேதான் மேடம், வேற யாரு, என்று பேராசிரியர் சொல்லிவிட்டு மேலே போனார்.

நாற்பத்தொன்றுக்கு வந்ததும் அவர் குரல் கனிந்தது. போனில் அவள் சொன்னதையும் லிங்க்கில் எழுதியதையும் திரையில் அருகருகே போட்டார். நெய்யூற்றிச் சாப்பிடும் ராணி இடதுபக்கம். ஆத்தா வீட்டுக்கு அனுப்பாமல் காபி போடவிட்ட மாமனார் வலதுபக்கம். எது உண்மை? கறம்பக்குடிப் பக்கத்துச் சாதாரணக் கிராமத்துப் பெண்ணின் கற்பனையில் பிறந்த கொடுமைக்காரக் குடும்பம் இது என்றார். அந்த மாமனாரை 'மூடன்' என்று ஓரிடத்தில் குறிப்பிட்டார். சபை ரசித்தது.

கார்முகில் தலை நிமிர்ந்தார். இடது பக்கம்தான் உண்மை என்று எப்படி முடிவுசெய்தீர்கள் என்று கேட்டார்.

அதோடு விட்டிருந்தால் பேராசிரியர் ஏதாவது சொல்லி உட்கார்ந்திருக்கலாம். ஆனால் மைக் கையில் இருந்தது. மைக்கும் அவரும் சேர்ந்தால் ஒருவரை ஒருவர் தூண்டிவிட்டுக்கொள்வார்கள். இதோ இந்தச் சபையிலேயே நிரூபிக்கிறேன் என்றார். சந்தனமேரியை மேடைக்கு வரச்சொல்லி, நாற்பத்தொன்றைக் கூப்பிடச் சொன்னார்.

"பேரு தெரியாதுன்னு வாக்குக் குடுத்துட்டு சபையில கூப்புடலாமா சார்?" என்று கார்முகில் கேட்டார்.

"பேரக் கேக்க மாட்டோம் மேடம். கிராமத்து ஜனங்க, ஒண்ணும் நெனச்சுக்க மாட்டாங்க."

சந்தனமேரி எண்ணை அழுத்திப் போனை மைக்குக்குப் பக்கத்தில் வைத்தாள். மணியடிக்கிற சத்தம் அரங்கத்து நான்கு ஸ்பீக்கரிலும் ஒலித்தது. பிறகு ஒரு குரல்.

"யாரு, ஆஸ்பத்திரியா? அவ வேலையா இருக்கா. என்னன்னு எங்கிட்டச் சொல்லுங்க."

அந்த வீட்டில் காபி குடித்திருந்த சக பேராசிரியர்கள் சிலருக்கு முதல் வாக்கியத்திலேயே குரல் பிடிபட்டுவிட்டது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் கைக்குட்டையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டார். பேராசிரியருக்குப் பிடிபடவில்லை. முப்பது வருஷமாக வீட்டில் ஒலிக்கிற குரல்தான். ஆனால் அவர் காதுகொடுத்துக் கேட்டுப் பழகிய குரல் அல்ல. அவர் புன்னகையோடு சபையைப் பார்த்துத் தலையசைத்தார்: பார்த்தீர்களா, கிராமத்துக் கள்ளமின்மை.

நன்றாக ஓய்வெடுக்கிறார்களா என்று சந்தனமேரி பஸ் ஸ்டாண்டுக் குரலில் கேட்டாள்.

"ஓய்வுக்கென்ன கொறச்சல்? காலை நீட்டி உக்காந்துருக்கா." குரல் அங்கே யார் பக்கமோ திரும்பியது. "ஏய், அந்த அடுப்பக் கொறச்சு வையி. புளியோதரை அடிப்புடிச்சா வாரவுக மொகத்துல எப்படி முழிக்கிறது?"

சபையின் பின்வரிசையில் யாரோ முதலில் சிரித்தார்கள். சந்தனமேரி காகிதத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல், அவங்கதான் சொல்லணும், ஒரு நிமிஷம் குடுங்க என்றாள். ஸ்பீக்கர்லதான் கெடக்கு, பேசு என்று அந்தக் குரல் உத்தரவிட்டது. கரண்டி வைக்கிற சத்தம் கேட்டது. மெதுவாக யாரோ நடந்துவருகிற சத்தமும், மூச்சு வாங்குகிற சத்தமும் கேட்டன. நாலு ஸ்பீக்கரிலும் அந்த மூச்சு பெரிதாகக் கேட்டதால் சிரித்தவர்கள் நிறுத்தினார்கள்.

"மனதில் உள்ளதைச் சொல்ல வீட்டில் ஆள் இருக்கிறதா?" என்று சந்தனமேரி படித்தாள்.

நாற்காலி இழுபடுகிற சத்தம் கேட்டது.

"போன்ல கேட்டா நல்லாருக்கேன்னுதாங்க சொல்லுவேன்" என்றாள் வைஷ்ணவி. "லிங்க் அனுப்புங்க. அதுல சொல்லுறேன்."

இந்தக் குரல் பேராசிரியருக்குத் தெரிந்தது. தினமும் இரண்டு வேளை, காபி மாமா என்று சொல்கிற குரல். அவர் கன்னத்தில் விரல் தானாக ஏறியது. பேனரில் இருந்தபடியே ஆனார். கார்முகில் பேனாவை மூடிவிட்டார்.

"கட் பண்ணு. கட் பண்ணும்மா" என்றார் அவர், மைக்கை அணைக்காமலே.

"என்னங்க, நீங்களா?" என்று நாலு ஸ்பீக்கரிலும் சொர்ணவல்லி கேட்டார். "ஆஸ்பத்திரியில என்ன பண்ணுறீங்க? சரி, எத்தன எலை போடணும்னு சொல்லிட்டு வைங்க."

சபை அதற்குப் பிறகு ஆய்வில் கவனம் செலுத்தவில்லை. முதல்வர் மேசைக்குக் கீழே எதையோ தேடுவதுபோல் குனிந்தவர் நிமிரவே இல்லை. கார்முகில் எழுந்து பொன்னாடையை நாற்காலியில் வைத்தார். மேடைக்குப் பக்கத்தில் வந்து, தணிந்த குரலில்தான் சொன்னார். மைக் அதையும் வாங்கிக்கொண்டது.

"நாங்க சாப்புட வரலை சார். நாப்பத்தொண்ணு சாப்புட்டாங்களான்னு மட்டும் கேட்டுக்கங்க."

பேராசிரியர் லேசுப்பட்டவர் அல்ல. விழுந்த இடத்தையே மேடையாக்கிக்கொள்ளத் தெரிந்தவர். இரண்டு முறை தொண்டையைச் செருமினார். "நண்பர்களே" என்றார். உண்மையைத் தேடும் வேள்வியில் தம் குடும்பத்தையே தாம் உட்படுத்தியதாகவும், இது முன்கூட்டியே திட்டமிட்ட ஒரு செயல்விளக்கம் என்றும், ஆய்வாளனின் கடமை ஆய்வோடு முடியாது, தீர்வில்தான் முடிய வேண்டும் என்றும் சொன்னார். தீர்வு என்ன என்று அவருக்கே தெரியவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வாய் அதன்பாட்டுக்கு ஓடி, எதிரில் கிடந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டது: இன்று மாலை தம் இல்லத்தில் மருமகளுக்கு வளைகாப்பு, அனைவரும் வருக.

கைதட்டல் வந்தது. முதல்வர் மேசைக்கு அடியிலிருந்து வெளிவந்து, அந்த அழைப்பை இன்னொரு முறை மைக்கில் அறிவித்தார். இனி அதைத் திரும்ப வாங்க முடியாது.

அழகுமலைக்குப் போன் போனது. அவர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. கேட்டால் மனம் மாறிவிடுவார்களோ என்று பயந்தவர்போல, சரி என்று மட்டும் சொல்லி வண்டி பிடித்தார். பீரோவில் இரண்டு மாதமாகத் தூங்கிய வளையல்கள் வந்தன. அத்தனையும் பச்சையும் சிவப்பும். கட்டுச்சோறு கிளற நேரமில்லை. ஆனால் புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் தயிர்ச்சாதமும் விருந்தாளி வராமல் அண்டா அண்டாவாக நின்றன. அழகுமலை வீட்டுப் பெண்கள் அதையே தூக்குகளில் நிரப்பி, தெருமுனைவரை கொண்டுபோய், அங்கிருந்து சீர் மாதிரி திருப்பிக் கொண்டுவந்தார்கள். தன் கட்டுச்சோறைத் தானே சமைத்த முதல் பெண் வைஷ்ணவியாகத்தான் இருப்பாள். சொர்ணவல்லி முதல் வளையலைப் போட்டுவிட்டு, "எங்க வீட்டுல இவள ஒரு துரும்பக்கூடத் தூக்கவிட்டதில்லை" என்று வந்தவர்களிடம் சொன்னார். சக பேராசிரியர்களின் மனைவிமார்கள் மத்தியானமே எல்லாம் கேள்விப்பட்டிருந்தார்கள். அப்படியா, அப்படியா என்று கேட்டுக்கொண்டார்கள்.

கிளம்பும்போது வைஷ்ணவி மாமனாரிடம் போய்வருகிறேன் என்றாள். அவர் அவள் முகத்தைப் பார்க்காமல், அங்கே நெட்வொர்க் கிடைக்குமா என்று விசாரித்தார்.

"கெடைக்கும் மாமா. லிங்க் நல்லா வரும்" என்றாள் அவள்.

பெண் குழந்தை. வைஷ்ணவி கண் விழித்தபோது ஆத்தா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தாள். ஒரு வாரம் கழித்துச் சந்தனமேரி கூப்பிட்டாள். வைஷ்ணவி போனைக் காதில் வைத்துக்கொண்டு, நல்லாருக்கேன் என்றாள். லிங்க்கும் வந்தது. அதிலும் நன்றாக இருக்கிறேன் என்று எழுதினாள். அதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை. கணினி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து ஒத்துப்போகிறது என்றது. பேராசிரியர் பழைய மாதங்களை 'பயிற்சிக் காலம்' என்று பெயரிட்டு ஒதுக்கிவைத்துவிட்டு, ஒருவர்கூட விலகாமல் அத்தனை கர்ப்பிணிகளின் பதில்களும் போனிலும் இணையத்திலும் ஒத்துப்போயின என்று அறிக்கையை முடித்தார். திரைமுன் மிகைபுலம்பலை மட்டும் எடுத்துவிட்டார். போன் யார் கையில் இருந்தது என்று கேட்டுக் கார்முகில் ஒரு குறிப்பு எழுதினார். அறக்கட்டளையில் அதைக் கோப்பில் வைத்தார்கள். லிங்க் மலிவு என்ற செய்தியை மட்டும் யாரும் கோப்பில் வைக்கவில்லை, உடனே நிறைவேற்றினார்கள். சந்தனமேரியை நிறுத்திவிட்டு, அவள் உட்கார்ந்த இடத்தில் மண்வெட்டிகளைத் திரும்ப வைத்தார்கள். புதுப் பதவிக்கு விசிட்டிங் கார்டு தயாராகவே இருந்தது.

திருக்கோகர்ணத்து வீட்டில் ராத்திரி மறுபடியும் டிவி தொடர் ஓடியது. சொர்ணவல்லிக்கு அது ருசிக்கவில்லை. முழங்காலை நீவிக்கொண்டே ஒருநாள் கேட்டார்.

"அந்தக் கறம்பக்குடிப் பொண்ணு என்னங்க ஆனா? நாப்பத்தொண்ணு?"

ஊரில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரியாத ஆள் அவர் ஒருவர்தான். பேராசிரியர் தட்டைப் பார்த்தபடி, ஆத்தா வீட்டுக்குப் போயிட்டா என்றார்.

"நல்லதாப் போச்சு. அந்த மாமியாக்காரி இப்பக் கெடந்து சீரழியட்டும். சோறு பொங்க ஆளில்லாமத் திண்டாடுனாத்தான் தெரியும் அவளுக்கு." சொர்ணவல்லி திருப்தியோடு தலையை ஆட்டினார். பிறகு தட்டைத் தொட்டுப் பார்த்தார். கடையில் வாங்கிய தோசை ஆறியிருந்தது. சமையலறைப் பக்கம் திரும்பி, வாயைத் திறந்து, மூடிக்கொண்டார்.

"என்னங்க" என்றார். "எனக்கு எந்திரிக்க முடியல. அந்தச் சட்னிப் பொட்டலத்தக் கொஞ்சம் பிரிச்சு எடுத்தாங்க."

பேராசிரியர் எழுந்து போனார். கத்தரிக்கோல் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று உள்ளேயிருந்து கேட்டார். சொர்ணவல்லிக்கும் தெரியவில்லை.